பெரிய கொக்கி

கடற்கரைக்கு இறங்கும் மணல் பாதையில் ஒரு மஞ்சள் போர்டு நட்டிருந்தார்கள். நான் அஞ்சாம் வகுப்புவரைதான் படித்தவன். எங்கே போர்டைக் கண்டாலும் எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். 'ஆழமான பகுதி. இங்கே குளிப்பது உயிருக்கு ஆபத்து.' எழுத்துக்குக் கீழே அலை மாதிரி சில கோடுகள். கோடுகளுக்கு மேலே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

"படிச்சியா?" என்றேன் மகளிடம்.

"அது குளிக்கிறவங்களுக்குப்பா. நாங்க எங்க குளிக்கிறோம்?" என்று சொல்லிவிட்டு, என் தோளில் இருந்த பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் காலேஜுக்குத் தூக்கிப்போன பழைய பைதான். உள்ளே இரண்டு லுங்கி, ஒரு துண்டு, என் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழ சாதம். நான் அந்தப் போர்டில் இருந்த கையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவள் பின்னால் போனேன்.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். மகள் பி.காம். முடித்து ஓஎம்ஆரில் ஒரு ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட வேலை செய்யும் பெண்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் பக்கம் இருக்கும் இந்த மீனவர் ஊருக்கு வந்திருக்கிறாள். பலகையின் மேல் நின்று அலையில் வழுக்கிக்கொண்டு வரும் விளையாட்டை இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். சர்ஃபிங். அதன்பிறகு எந்த ஞாயிறும் அவள் வீட்டில் இல்லை. முகம் கறுத்தது, முடி செம்பட்டை ஆனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆபீஸ் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே டிரெய்னராகச் சேரப்போகிறாளாம், அங்கேயே தங்கப்போகிறாளாம், ஒரு டெஸ்ட் மட்டும் பாஸ் பண்ண வேண்டுமாம்.

"சாகறதுக்கு ஒரு டெஸ்ட்டா?" என்றாள் என் மனைவி.

பேச்சு வளர்ந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீ வா. அங்க வந்து கொஞ்ச நாள் தங்கிப் பாரு. டெஸ்ட்டையும் பாரு. பார்த்துட்டு வேணாம்னு நீ சொன்னா, மறுபேச்சு பேச மாட்டேன். பைய தூக்கினு உன்கூடவே வந்துடறேன்."

மனைவி ஒத்துக்கொண்டாள். ஆனால் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள்: "பாக்கறதெல்லாம் பாருங்க. ஆனா வேணாம்னு சொல்லிட்டு, கையோட கூட்டிட்டு வந்துடுங்க. அதுக்குத்தான் அனுப்பறேன்." எனக்கும் அதுதான் எண்ணம். தாம்பரத்தில் மாமல்லபுரம் பஸ் ஏறும்போதே அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். வேணாம்மா. வேணாம்.

ஒரு வார்த்தைக்கு இத்தனை ஒத்திகையா என்று தோன்றலாம். எனக்குப் பேச வராது. புது ஆள் முன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். திருமுடிவாக்கத்தில் இரும்புச் சட்டங்கள் அடிக்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. கூரைக்குக் கீழே குறுக்கே ஓடுகிற கிரேன் ஒன்று உண்டு. அதை ஓட்டுகிறவர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பார். நான் கீழே நின்று கையால் சைகை காட்ட வேண்டும். கிரைண்டிங் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் வாய்க்கு அங்கே வேலையே இல்லை. எனக்கென்றே செய்த வேலை. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால், தூக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினால், நிறுத்து. கிரேனில் சின்னதும் பெரியதுமாக இரண்டு கொக்கி உண்டு. கனமான சாமான் என்றால் முஷ்டியால் உச்சந்தலையில் தட்டிக்காட்டுவேன். பெரிய கொக்கியை இறக்கு என்று அர்த்தம்.

வீட்டிலும் அந்தக் கைதான் பேசும். சாதம் போதும் என்பதற்குக் கையை வீசுவேன். "இது என்ன கிரேனா?" என்று மனைவி இன்னொரு கரண்டி போடுவாள். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். நான் தலையில் தட்டியதும் மேலேயிருந்து அவ்வளவு பெரிய கொக்கி இறங்கி வந்ததை வாய் திறந்து பார்த்தாள். அன்றிலிருந்து அவளைத் தோளில் தூக்க வேண்டுமென்றால் வாயால் கேட்க மாட்டாள். எதிரே வந்து நின்று, முஷ்டியால் தன் தலையில் தட்டுவாள்.

எங்கள் தெருவில் ஏரித்தண்ணீர் புகுந்த வருஷமும் அப்படித்தான் தட்டினாள். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோட்டுக்கு நடந்தேன். நடுவில் மூடி இல்லாத கால்வாய் ஒன்று இருந்திருக்கிறது. கால் தரையைத் தேடியது. தரை இல்லை. பக்கத்தில் வந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் என் காலைவிட்டுப் போகவே இல்லை. இன்றைக்கும் பெரிய மழை பெய்தால் வாசற்படியில் இறங்கும் முன் காலால் தரையைத் தடவிப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து கடலுக்கு எதிரே தங்க வைத்தாள்.

ஹாஸ்டல் என்று மகள் சொன்னதும் படிக்கிற பிள்ளைகள் தங்கும் இடம் என்று நினைத்தேன். இங்கே ஹாஸ்டல் என்றால் முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் இடமாம். ஒரே அறையில் ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழும் கட்டில்கள். ஜன்னல் கம்பியில் ஈர டிராயர்கள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு மேல் கட்டில் கிடைத்தது. வெல்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறிப் படுத்தேன். கீழ்க் கட்டிலில் இருந்த வடநாட்டுப் பையன், "அங்கிள், சோலோ டிரிப்?" என்று சிரித்தான். தனியாக ஊர் சுற்ற வந்தீர்களா என்று கேட்டானாம். புரியாமல் தலையை ஆட்டிவிட்டேன். அதற்குப்பிறகு அந்த ஹாஸ்டலில் எல்லாரும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள்.

படுத்தால் கடல் சத்தம் தலையணைக்கு அடியில் கேட்டது. அலை அடிக்கும் சத்தம்கூடப் பரவாயில்லை. அடித்த பிறகு ஒரு நிசப்தம் வருகிறதே, அதுதான் தூங்க விடவில்லை. அடுத்தது இதைவிடப் பெரியதாக இருக்குமோ என்று காத்துக்கொண்டே கிடந்தேன்.

மகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை, முப்பது வயசு இருக்கும். என் மகள் மட்டும் அவரை அண்ணா என்றாள். அவர் வந்ததும் வராததுமாக என்னை அண்ணா என்றார்.

"நீ எனக்கு அண்ணன், எங்கப்பா உனக்கு அண்ணன்னா, நான் அவருக்கு யாரு? முறையே குழம்புதே," என்றாள் மகள் அவரிடம்.

"தண்ணிக்குள்ள இறங்கிட்டா எல்லாம் ஒரே முறதான்," என்றார் மாஸ்டர். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, கடலப் பாத்தா பேஜாராகீதா?" என்று கேட்டார்.

நான் சிரித்து வைத்தேன்.

"பயப்படணும்ணா. பயப்படாதவன நான் உள்ள இட்டுனே போமாட்டேன். எங்கப்பா இத்தினி வருசமா கடலுக்குப் போறாரு, இன்னும் பயந்துகினுதான் போறாரு."

இது எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னது. எனக்கு என்னவோ, இத்தனை வருஷமாக இறங்குகிறவரே பயப்படுகிறார் என்பதுதான் காதில் நின்றது.

அடுத்தடுத்த நாட்கள் நான் கரையில் உட்கார்ந்து மகளைப் பார்த்தேன். பலகைக்கும் அவள் கணுக்காலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிறு ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது. முடிச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது, கேட்கக் கூச்சம். அவள் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அலை உடைகிற இடத்துக்குப் போவாள். நுரை அவளை மூடும். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். அவள் தலை வெளியே வந்த பிறகுதான் விடுவேன். மத்தியானத்துக்குள் களைத்துப்போவது நானாகத்தான் இருந்தது. "சோலோ டிரிப் எப்படிப்பா போவுது?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கிண்டல் செய்வாள். சாயங்காலம் மனைவி போன் பண்ணுவாள். "சொல்லிட்டீங்களா?" "டெஸ்ட் முடியட்டும்." "டெஸ்ட்டு முடிஞ்சா அவ எங்க கேப்பா?"

டெஸ்ட் அன்று காலையில் கடல் வேறு மாதிரி இருந்தது. காற்று மணலை அள்ளிக் காலில் அடித்தது. தூரத்திலேயே அலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"இன்னிக்கு வேணாமே," என்றேன். ஒத்திகை பார்த்த வார்த்தைதான். ஆனால் காற்றில் அது எங்கேயோ போய்விட்டது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. கயிறு டைட்டா கீதா பாரு."

அவளும் மாஸ்டரும் உள்ளே போனார்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டி, பலகைமேல் கால் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கரையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் ஈரமணலும் காய்ந்த மணலும் சேரும் இடத்தில் நின்றேன். அதற்கு மேல் ஒரு அடிகூட வைத்ததில்லை.

அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு கோடாக எழும்பியது. மற்ற அலைகளைவிடக் கறுப்பாக இருந்தது. எழும்பிக்கொண்டே வந்தது.

பட்டறையில் சாமான் திடீரென்று ஆட ஆரம்பித்தால் நான் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். அன்றைக்கும் போனது. வலது கையை முழுசாக நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினேன். நிறுத்து. அவளுக்குச் சொன்னேனா, அலைக்குச் சொன்னேனா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அவள் அசையாமல் இருந்தாள். அந்தக் கறுப்பு அலை அவளுக்கு அடியில் புகுந்து, அவளைத் தூக்கி, இறக்கிவிட்டு வந்தது. ஆனால் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். அவளிடம் ஏதோ கத்தினார். பலகையில் படுத்து, வந்த அலையோடு கரைக்குப் பாய்ந்தார். முட்டியளவுத் தண்ணீரில் குதித்து என்னிடம் ஓடி வந்தார்.

"யாருண்ணா? யாரு மாட்டிகினது? எந்தப் பக்கம்?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்குக் கைய வீசின?"

"நிறுத்தச் சொன்னேன்."

"எத?"

கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "ஐயோ அண்ணா, கடலாண்ட நின்னுகினு கைய வீசினா, ஆளு முழுகறான், வந்து காப்பாத்துன்னு அர்த்தம். அந்தப் பொண்ண அங்க தனியா உட்டுட்டு வந்துகீறேன் நானு!"

போர்டில் இருந்த கை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே பார்த்தேன். அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் அவள் ஒருத்தி. பின்னால் இன்னொரு கோடு எழும்பிக்கொண்டிருந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். முஷ்டியால் தன் உச்சந்தலையில் தட்டினாள். ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை.

நான் ஓடினேன். தண்ணீர் முட்டிக்கு வந்தது, தொடைக்கு வந்தது. பின்னால் மாஸ்டர் கத்துவது கேட்டது. என்ன கத்தினார் என்று தெரியவில்லை. தூக்கச் சொல்கிறாள், தூக்கச் சொல்கிறாள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. நுரை வந்து நெஞ்சில் அடித்தது. அடுத்த அடி வைத்தேன். கால் தரையைத் தேடியது. தரை இல்லை.

எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியாது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. பயம்கூட இல்லை, அதற்கும் ஒரு தரை வேண்டும்போல. பிறகு என் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள். மாஸ்டர். என்னை இழுத்துக்கொண்டுவந்து மணலில் குப்புறப் போட்டார். வாந்தி எடுத்தேன், இருமினேன். கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாக இருந்தது. அந்த மங்கலில் இரண்டு கால்கள் என் எதிரே வந்து நின்றன. ஒரு கணுக்காலில் கயிறு இருந்தது.

"உனக்கு நீச்சல் தெரியுமா?" அவள் கத்தினாள். அவள் என்னிடம் கத்தியதே இல்லை. "தெரியாதில்ல? அப்புறம் எதுக்கு உள்ள வந்த? செத்துப்போயிருந்தா நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"நீதானே கூப்பிட்ட."

"நானா? எப்ப?"

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே முஷ்டியால் என் தலையில் தட்டிக் காட்டினேன்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அது நான் உன் பின்னால நின்னுகினு கேட்டதுக்குப் பதில்ணா. தலைல கைய வெச்சா, 'நல்லாகீறியா?'ன்னு கேள்வி. உன் பொண்ணு தட்டிச்சு. 'நல்லாகீறேன், நீ கவலப்படாத'ன்னு அர்த்தம்."

மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரிய கொக்கி," என்றாள். மாஸ்டருக்கு அது புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. முந்தானை இருந்தால் அதால் துடைத்திருப்பாள், அது இல்லாததால் ஈரமான தன் கையாலேயே என் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"டெஸ்ட் போச்சா?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"போச்சா? நீ முழுகிகினு இருந்தப்போ பின்னால வந்துச்சே ஒண்ணு, அதுல உன் பொண்ணு நின்னுகினே வந்து இறங்கிச்சுண்ணா. யாரும் பக்கத்துல இல்ல. இதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு வெக்கறது?"

அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன். அதைத்தான் பார்க்கவில்லை.

கொஞ்சநேரம் கழித்து மேட்டில் இருந்த டீக்கடை பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்தோம். அவள் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுப்பா," என்றாள். "வேணாம்னா சொல்லிடு. பைய எடுத்துனு வரேன். வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

வேணாம் என்கிற வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் என் பயம் அன்றோடு தீர்ந்துவிடும். ஆனால் கண்ணை மூடினால் அவள் அவ்வளவு தண்ணீரில் தனியாக உட்கார்ந்திருந்ததுதான் தெரிந்தது. அவளைத் தனியாக விட்டது கடல் இல்லை. பக்கத்தில் பத்திரமாக ஒரு ஆள் இருந்தார். நான் கையை வீசித்தான் அவரை வரவழைத்தேன். இனிமேலும் பயத்தில் நான் எதையாவது வீசிக்கொண்டே இருப்பேன், அவள் பக்கத்தில் இருக்கிற ஆள் அவளை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்துகொண்டே இருப்பார் என்று தோன்றியது. அந்தப் பயம் மற்றதைவிடப் பெரியதாக இருந்தது.

"தண்ணியவிட்டு வெளிய வந்ததும் தினமும் ஒரு போட்டோ அனுப்பு," என்றேன். "தலைல கை வெச்சு."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவள் அங்கேயே இருக்கட்டும் என்று போனில் மனைவிக்குச் சொன்னேன். "உங்கள அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்றாள். நான் கடலில் விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது நான் பட்டறையில் போனைச் சட்டைப் பையில், நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். காலை டீ வருவதற்குள் போட்டோ வந்துவிடும். ஈரத்தலை, அதன்மேல் ஒரு முஷ்டி, பின்னால் கடல். சில நாள் தாமதமாகும். சைகை காட்டும்போது என் கை சரியாகத்தான் போகும், ஆனால் காது பையில் இருக்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று டிவியில் சொன்ன ஒருநாள், டீ வந்து ஆறிப்போன பிறகும் போட்டோ வரவில்லை. நான் போன் பண்ணவில்லை. போன் பண்ணுவதும் கையை வீசுவதுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிரைண்டிங் ஓய்ந்திருந்த நேரம், சின்னச் சின்ன ஆங்கிள் இரும்புத் துண்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். முஷ்டி தலைமேல் இருந்தது.

எனக்கே தெரியாமல் நானும் என் தலையில் தட்டியிருக்கிறேன். மேலே கரகரவென்று சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால், பெரிய கொக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. கூண்டிலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "இன்னாண்ணே, இத்தினூண்டு ஆங்கிளுக்குப் பெரிய கொக்கியா? இன்னா ஆச்சு உனக்கு?"

கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து வீசினேன். கொக்கி என் தலைக்கு மேலே நின்றது. நின்ற பிறகும் கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்தது.